முதுகில் ஒரு பை, கையில் 65,000 ரூபாய்: முதல் வியட்நாம் பயணத்துக்கான கேள்வி பதில்கள்

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து சைகோனுக்கு (ஹோ சி மின் நகரம்) வியட்ஜெட் நேரடி விமானம் விடத் தொடங்கியது. அதன் பிறகு, வெளிநாடே பார்க்காத நண்பர்களும் தம்பி தங்கைகளும் என்னிடம் வியட்நாம் பற்றி நிறையக் கேட்கிறார்கள். டூர் கம்பெனி வேண்டாம், தோளில் பையை மாட்டிக்கொண்டு தானே போய் வர வேண்டும் என்பவர்களுக்காக, அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ரூபாய்க் கணக்கெல்லாம் தோராயம். விமானக் கட்டணமும் டாலர் விலையும் மாறினால் இதுவும் மாறும்.

முதல் தடவைக்கு ஏன் வியட்நாம்?

போய் இறங்கிய பிறகு ஆகும் செலவு குறைவு என்பதுதான் முதல் காரணம். அங்கே பயணிகள் தங்கும் சுத்தமான ஹாஸ்டலில் ஒரு படுக்கை 700 ரூபாய்க்குக் கிடைக்கும். சாலையோரக் கடையில் வயிறு நிறையச் சாப்பிட 150 ரூபாய் போதும். விசாவை வீட்டில் உட்கார்ந்தே வாங்கிவிடலாம். தெற்கிலிருந்து வடக்கு வரை ஒரே ரயில் பாதை 1,726 கிலோமீட்டர் ஓடுகிறது, அதனால் வழி தவறிவிடுமோ என்ற பயமும் இல்லை. தாய்லாந்தும் நல்ல நாடுதான். ஆனால் அதன் கடற்கரை ஊர்களில் தங்கும் செலவு சட்டென்று ஏறிவிடும். முதல் பயணத்தில் பணத்தை நினைத்தே பாதி நேரம் போய்விடக்கூடாது.

மொத்தம் எவ்வளவு ஆகும்? ஒளிவு மறைவில்லாமல் சொல்லுங்கள்.

12 நாளுக்கு ஒரு ஆளுக்கு 65,000 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த மொத்தத் தொகையைவிட, அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது முக்கியம். பயணச் செலவை எப்போதும் இரண்டு கணக்காகப் பிரித்து எழுதுங்கள்.

முதல் கணக்கு, எத்தனை நாள் தங்கினாலும் மாறாத செலவு. போகவர விமானம் சுமார் 22,000. விசா 25 டாலர், அதாவது 2,250 ரூபாய்க்குப் பக்கம். பயணக் காப்பீடு 1,000. சிம் கார்டு 700. உள்நாட்டில் ஊர் விட்டு ஊர் போகும் ரயிலுக்கும் ஒரு விமானத்துக்கும் சேர்த்து 8,000. எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 34,000.

இரண்டாவது, ஒரு நாள் செலவு. படுக்கை 700, மூன்று வேளைச் சாப்பாடு 700, காபியும் தண்ணீரும் 200, ஊருக்குள் சுற்ற 300, நுழைவுச்சீட்டுகளுக்குச் சராசரியாக 300. ஆக 2,200. கடைசி நாள் ஊர் திரும்புவதிலேயே போய்விடும், அதனால் பதினொரு நாளுக்கு 24,200. மிச்சமிருக்கும் ஏழாயிரத்தைத் தொடாதீர்கள். அது காய்ச்சல் வந்தாலோ ரயிலைத் தவறவிட்டாலோ எடுக்க வேண்டிய பணம்.

இப்படிப் பிரித்ததும் ஒன்று கண்ணில் படும். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் 2,200 ரூபாய்தான் கூடுகிறது. ஒரு ஊரைக் கூடுதலாகச் சேர்த்தாலோ டிக்கெட், விமான நிலையத்துக்குப் போகவர வண்டி என்று சுளையாக ஐந்தாயிரம் போகும், பாதி நாளும் போகும். அதனால் கையில் பணம் குறைவென்றால் ஊர்களைக் குறையுங்கள், நாளைக் குறைக்காதீர்கள். முதல் தடவை போகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எட்டு நாளில் ஆறு ஊர் என்று திட்டம் போட்டுவிட்டு, பார்த்த எதுவும் மனதில் நிற்காமல் களைத்துத் திரும்புகிறார்கள். எனக்கு அதைக் கேட்கவே வருத்தமாக இருக்கும்.

அப்படியானால் எந்த ஊர்கள்?

மூன்றே மூன்று: சைகோன், ஹோய் ஆன், ஹுவே.

சைகோனில் இறங்கி மூன்று நாள். நான்காம் நாள் ரயிலேறி, ஹோய் ஆனுக்குப் பக்கத்து நகரமான டா நாங். 935 கிலோமீட்டர், பதினேழு மணி நேரத்துக்குப் பக்கமாக ஆகும். நால்வர் படுக்கைப் பெட்டியில் 10 லட்சம் டாங் (வியட்நாம் பணம்) வரை கேட்பார்கள், நம் பணத்தில் 3,500. அந்த இரவு ஹாஸ்டல் செலவு இல்லை. பெட்டியின் கோடியில் வெந்நீர்க் குழாய் இருக்கும். இரவு எட்டு மணிக்கு ஆளாளுக்குக் கப் நூடுல்ஸைப் பிரித்துக்கொண்டு அங்கே வரிசையில் நிற்பார்கள், நீங்களும் போய் நில்லுங்கள். விடியும்போது ஜன்னலுக்கு வெளியே வயலும் வரப்பும் எருமையுமாக ஓடும். நம் தஞ்சாவூர்ப் பக்கம் போவது போலவே இருக்கும், நடுவயலில் கட்டியிருக்கும் சமாதிகளைப் பார்க்கும் வரை.

டா நாங்கில் இறங்கி, முக்கால் மணி நேரத்தில் ஹோய் ஆன். அங்கே நான்கு நாள். பிறகு டா நாங் திரும்பி ரயிலில் ஹுவே, மூன்று நாள். ஹுவேயிலிருந்து உள்நாட்டு விமானத்தில் சைகோன் வந்து ஊர் திரும்பலாம்.

டா நாங்கிலிருந்து ஹுவே நூறு கிலோமீட்டர்தான், ஆனால் ரயில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். ஹை வான் மலையைச் சுற்றி, கடலை ஒட்டி ஊர்ந்து போகிறது. ரயில் போகும் திசையில் வலப்பக்க ஜன்னலாகக் கேட்டு வாங்குங்கள். பஸ்ஸில் போனால் மலைச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வந்துவிடும், கடலே தெரியாது. 350 ரூபாய் டிக்கெட்டில் போகும் இந்த ரயில் வழிதான் பயணம் முழுக்கவும் எனக்குப் பிடித்த இடம்.

ஹனோயும் ஹாலோங் வளைகுடாவும் பார்க்காமல் வந்தால் வியட்நாம் போனதாகுமா?

ஆகும். ஹனோயும் வடக்கு மலைகளும் தனியாகப் பத்து நாள் கொடுத்துப் பார்க்க வேண்டியவை. அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, ஹனோய்தான் வேண்டும் என்றால் சைகோனையும் ஹோய் ஆனையும் விட்டுவிட்டு வடக்கே மட்டும் போங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் திணிப்பதுதான் வேண்டாம்.

விசா வாங்க ஏஜென்ட் தேவையா?

தேவையில்லை. 2023 ஆகஸ்ட் 15 முதல் வியட்நாம் 90 நாள் வரைக்கும் இ-விசா தருகிறது. ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை நுழைய 50 டாலர். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் விஎன்' என்று முடியும். தேடும்போது அதே போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள்தான் மேலே வரும். இரண்டு மூன்று மடங்கு பணம் வாங்கிக்கொண்டு, அவர்களும் இதே படிவத்தைத்தான் நிரப்புவார்கள்.

பாஸ்போர்ட்டில் உங்கள் புகைப்படம் இருக்கும் பக்கத்தின் படமும், கண்ணாடி போடாத முகப்படமும் வேண்டும். மூன்று வேலை நாள் என்பார்கள், நீங்கள் மூன்று வாரம் முன்பே போட்டுவிடுங்கள். எந்த விமான நிலையம் வழியாக நுழைகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். விசா வந்ததும் அதில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பெயர் மூன்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஓர் எழுத்துத் தவறிருந்தாலும் மறுபடி பணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிப்பதே நல்லது. கட்டிய பணம் திரும்ப வராது.

நம்மில் பலருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அப்பா பெயரை இனிஷியலாக வைத்துக்கொள்ளும் பழக்கத்தால், பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இடம் காலியாக இருக்கும். டிக்கெட் போடும் தளமோ அந்த இடத்தைக் காலியாக விடாது. நீங்களாக எதையாவது நிரப்பிவிடாமல், முதலில் விமான நிறுவனத்தைக் கேட்டு, அவர்கள் சொல்லும் முறையில் போடுங்கள். விசாவில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கவில்லை.

36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தத்கல் என்றால் இன்னும் 2,000. முன்பே எடுத்து வைத்திருப்பவர்கள், பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

இந்த மூன்று ஊர்களுக்கு பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. பள்ளி, கல்லூரி விடுமுறையை விட்டால் வழியில்லை என்பவர்கள் மே மாதமும் போகலாம், வெயில் நம் ஊர் போலத்தான். அக்டோபரும் நவம்பரும் வேண்டவே வேண்டாம். நடு வியட்நாமில் மழை கொட்டும் காலம் அது. 2025 அக்டோபர் கடைசியில் ஹுவேயும் ஹோய் ஆனும் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன. ஹோய் ஆனின் பழைய வீடுகளில் ஒவ்வோர் ஆண்டு வெள்ளமும் எதுவரை வந்தது என்று சுவரில் குறித்து வைத்திருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

டெட் என்கிற அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். நமக்குப் பொங்கல், தீபாவளி இரண்டும் சேர்ந்து வந்தது போல நாடே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். ரயிலில் இடம் கிடைக்காது, கடைகளும் பூட்டியிருக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

பணத்தை எப்படிக் கொண்டு போவது?

பாதியை டாலர் நோட்டாக, பாதியைக் கார்டில். டாலர் நோட்டுகள் மடிப்பும் கிழிசலும் இல்லாமல் புத்தம்புதிதாக இருக்கட்டும், பழைய நோட்டை வாங்கத் தயங்குவார்கள். விமான நிலையத்தில் இருபது டாலர் மட்டும் மாற்றிக்கொண்டு, மிச்சத்தை ஊருக்குள் வங்கியில் மாற்றுங்கள். கிளம்பும் முன், கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் ஏடிஎம் பணம் தராது. சாதாரண கார்டுகளில் மூன்றரை சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள், அந்தக் கட்டணம் இல்லாத கார்டுகளும் உண்டு. ஏடிஎம் திரையில் "ரூபாயில் கணக்கிடவா?" என்பது போலக் கேட்டால் வேண்டாம் என்று டாங்கையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் போடும் மாற்று விலை எப்போதும் நமக்கு நஷ்டம்தான். யுபிஐ-யை நம்பிப் போகாதீர்கள்.

கணக்குப் போட எளிய வழி: கடைசி மூன்று சைபரை அடித்துவிட்டு மூன்றரையால் பெருக்குங்கள். 50,000 டாங் என்றால் ஐம்பது, 175 ரூபாய்.

நோட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லா நோட்டிலும் ஹோ சி மின் முகம்தான். 20,000 டாங் நோட்டும் நீலம், 5 லட்சம் டாங் நோட்டும் நீலம். ஒன்று 70 ரூபாய், மற்றது 1,750 ரூபாய். மங்கிய வெளிச்சத்தில் கை தவறிவிடும். ஹுவேயில் நடைபாதைக் காபிக் கடை ஒன்றில் நான் அப்படித்தான் பெரிய நீலத்தைக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டேன். கடைக்கார அம்மா பின்னாலேயே வேகமாக வந்து, என் உள்ளங்கையில் அதைத் திருப்பி வைத்து, சின்ன நீலத்தை என் பர்ஸிலிருந்து தானே எடுத்துக் காட்டினார். எல்லோரும் அவர்போல் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. 5 லட்சம் நோட்டுகளைப் பர்ஸின் தனி அறையில் வையுங்கள். கொடுக்கும்போது சைபரை எண்ணிவிட்டுக் கொடுங்கள்.

நான் சைவம். பட்டினி கிடக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. இது எல்லோரும் பயப்படும் விஷயம், ஆனால் ஒரே ஒரு சொல் தெரிந்தால் போதும்: 'சாய்'. பௌத்த முறைப்படியான சைவ உணவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. கடைப் பலகையில் 'கம் சாய்' என்று இருந்தால் சைவச் சோற்றுக்கடை. சோற்றோடு டோஃபு, காளான், கீரை, பலாக்காய் என்று நான்கைந்து வகை வைத்து 40,000 டாங்குக்குத் தருவார்கள். "தோய் அன் சாய்" என்றால் நான் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். உச்சரிப்பு அவர்களுக்குப் புரியாமல் போகலாம், போனில் வியட்நாமிய எழுத்தில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

சாதாரணக் கடையில் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீன் சாறு எல்லாவற்றிலும் விழும், நூடுல்ஸ் சூப்பின் தண்ணீரே எலும்பில் கொதித்ததாக இருக்கும். அதனால் சாய் கடைகளைத் தேடிப் போவதே நல்லது.

அவர்களுடைய சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஏராளமானோர் சைவம் சாப்பிடுவார்கள். பதினைந்தாம் நாள் நம் பௌர்ணமி, முதல் நாள் அமாவாசையை ஒட்டி வரும். அன்றைக்குச் சாலையோரக் கடைகள்கூட சாய் பலகையை வெளியே வைக்கும், ஹுவே போன்ற கோயில் ஊரில் கேட்கவே வேண்டாம். பௌர்ணமிக்கு முதல் நாள் இரவு ஹோய் ஆனில் விளக்குத் திருவிழா வேறு. அதனால் தேதி முடிவு செய்யும் முன் வீட்டுக் காலண்டரில் பௌர்ணமியைப் பாருங்கள்.

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. ஹலால் வேண்டுபவர்கள் சைகோனில் டோங் டு தெருவிலுள்ள பள்ளிவாசல் பக்கம் போங்கள். 1935-ல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது.

பார்க்க வேண்டியவற்றில் எதைத் தவறவிடக்கூடாது?

மி சன். ஹோய் ஆனிலிருந்து நாற்பது கிலோமீட்டர். மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அதில் அந்தக் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட சம்பா நாட்டு அரசர்கள் நான்காம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை எழுப்பிய செங்கல் சிவன் கோயில்கள். பத்ரேஸ்வரர் என்பது அங்கே சிவனுக்குப் பெயர். 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் இடிந்துபோனது. குண்டு விழுந்த குழிகள் கோயில்களுக்கு இடையே இன்னும் இருக்கின்றன, அவற்றில் புல் முளைத்திருக்கிறது. பக்கத்திலேயே ஆவுடையாரும் லிங்கமும் வெயிலில் நிற்கின்றன. காலை ஆறரைக்கெல்லாம் போய்விட்டால் கூட்டம் வரும் முன் ஒரு மணி நேரம் உங்களுக்கே கிடைக்கும். நுழைவுச்சீட்டு 1,50,000 டாங்.

சைகோனில் பென் தான் சந்தையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் மாரியம்மன் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நம்மவர்கள் கட்டியது. இப்போது வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீன வம்சாவளியினரும்தான். ஊதுபத்திக் கட்டோடு வந்து, சன்னதியின் பின்சுவரில் நெற்றியை வைத்து மெதுவாக ஏதோ வேண்டிக்கொள்கிறார்கள். அங்கே ஒரு ஓரமாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரத்தை நான் மறக்க மாட்டேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் வட்டித் தொழிலுக்கு வந்த செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

அங்கே பைக் வாடகைக்கு எடுத்து ஓட்டலாமா?

வேண்டாம். இந்தியாவில் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி 1949 ஒப்பந்தப்படியானது, வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படியானதை. கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். விபத்து நடந்தால் காப்பீடு ஒரு பைசா தராது. ஊருக்குள் கிராப் செயலியில் பைக் கூப்பிட்டால் ஓட்டுநர் ஹெல்மெட்டோடு வருவார், சின்னத் தூரம் 70, 80 ரூபாய்தான். ஹோய் ஆனில் சைக்கிள் போதும். சைகோனில் 2024 டிசம்பரிலிருந்து மெட்ரோவும் ஓடுகிறது.

பையில் என்ன வைப்பது?

ஏழு கிலோவுக்குள் அடக்குங்கள், அதற்கு மேல் போனால் மலிவுக் கட்டண டிக்கெட்டில் தனிப் பணம். நான்கு சட்டை, இரண்டு பேன்ட், மெல்லிய துண்டு, ரப்பர் செருப்பு, பூட்டு (ஹாஸ்டல் லாக்கருக்கு), மாத்திரைகள். துணியைக் கிலோ கணக்கில் துவைத்துத் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது, இரண்டு முள் சார்ஜர் எடுத்துக்கொள்ளுங்கள். விசா, திரும்பும் டிக்கெட், முதல் இரண்டு இரவுக்கான ஹாஸ்டல் பதிவு மூன்றையும் காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள். திருச்சி கவுன்டரிலேயே கேட்பார்கள்.

பெண் தனியாகப் போகலாமா? வீட்டில் விடமாட்டார்கள்.

போகலாம். தனியாகச் சுற்றும் பெண்களை அங்கே எல்லா ஹாஸ்டலிலும் பார்ப்பீர்கள், பெண்களுக்கு மட்டுமான அறைகளும் உண்டு. இரவு பத்து மணிக்குக்கூடத் தெருவில் குடும்பம் குடும்பமாகச் சின்ன பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கவனிக்க வேண்டியது போன் பறிப்பு. சைகோனில் சாலையோரம் நின்று மேப் பார்க்காதீர்கள், பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். கடைக்குள் ஏறி நின்று பாருங்கள்.

வீட்டில் "போகட்டுமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "வேண்டாம்" என்றுதான் வரும். எந்த நாள் எந்த ஊர், எந்த ஹாஸ்டல், அதன் போன் எண், எத்தனை மணிக்குக் கூப்பிடுவேன் என்று ஒரே தாளில் எழுதி அம்மா கையில் கொடுங்கள். ஹனோயில் இந்தியத் தூதரகமும் சைகோனில் துணைத் தூதரகமும் இருப்பதையும், போலீஸ் 113, ஆம்புலன்ஸ் 115 என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அவர்கள் பயப்படுவது உங்கள் மேலுள்ள அக்கறையில்தான். அந்தத் தாள் கையில் இருந்தால் பாதிப் பயம் குறையும். அங்கே போன பிறகு சொன்ன நேரத்துக்கு மறக்காமல் கூப்பிடுங்கள். வியட்நாம் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால்.

காப்பீடு உண்மையிலேயே தேவையா?

தேவை. ஆயிரம் ரூபாயை இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

திரும்பும்போது மிச்சமிருக்கும் டாங்கை என்ன செய்வது?

ஊருக்கு வந்தால் டாங்கை மாற்ற ஆள் தேட வேண்டியிருக்கும், கிடைத்தாலும் விலை அடிமாட்டு விலை. கடைசி இரண்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் எடுத்துச் செலவழியுங்கள். பெரிய நோட்டு மிஞ்சினால் சைகோன் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே டாலராக மாற்றிவிடுங்கள். சில்லறை மிஞ்சினால் வீட்டுக்கு அரைக் கிலோ காபித் தூளும், டம்ளர் மேல் வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கும் அந்தச் சின்ன அலுமினிய ஃபில்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். சந்தையில் ஃபில்டர் 40,000 டாங்குக்கே கிடைக்கும்.